ஒரு ஃபைபர் கனெக்‌ஷன், நாலு கம்ப்யூட்டர்: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, லேன் வயரா?

வீட்டுக்கு ஒரே ஒரு ஃபைபர் லைன். அதுல ஆபீஸ் லேப்டாப் ஒண்ணு, காலேஜ் படிக்கிற பொண்ணோட லேப்டாப் ஒண்ணு, பையனோட கேமிங் பிசி, ஹால்ல எல்லாரும் தொடற பழைய டெஸ்க்டாப்னு நாலு மெஷின் ஓடணும், இது போக டிவி, போன் எல்லாம் தனி. மாடி ரூம்ல மீட்டிங் கட் ஆகுதுன்னு யார்கிட்ட சொன்னாலும் வர்ற முதல் யோசனை "பிளானை ஏத்திடுங்க, 100 எம்பிபிஎஸ்ல இருந்து 300க்கு போங்க"ங்கறதுதான். அதுக்கப்புறம் மாசா மாசம் பில் மட்டும் ஏறுது, மாடி ரூம் அப்படியேதான் இருக்கு. ஏன்னா தெருவுல இருந்து வீட்டுக்குள்ள வர்ற ஸ்பீட்ல பிரச்சினையே இல்ல, ஹால்ல இருக்கிற பாக்ஸ்ல இருந்து மாடி ரூம் மேசைக்கு போற கடைசி முப்பது நாப்பது அடியிலதான் எல்லாம் கரைஞ்சு போகுது.

அதனால எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். ஒரு லேன் வயரை எடுத்து லேப்டாப்பை நேரா ஃபைபர் பாக்ஸ்ல சொருகி ஸ்பீட் டெஸ்ட் போடுங்க, மத்த எல்லாத்தையும் அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு. காலையில ஒரு தடவை, ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு ஒரு தடவை. 100 பிளானுக்கு 90க்கு மேல வந்தா உங்க லைன் நல்லா இருக்கு, மிச்சம் எல்லாம் வீட்டுக்குள்ள பாத்துக்க வேண்டிய வேலை. ராத்திரி மட்டும் வயர்லயே 30, 20ன்னு வந்தா அது கம்பெனி பக்கத்து நெரிசல், அதுக்கு நீங்க இருபதாயிரம் ரூபாய்க்கு மெஷ் வாங்கி மாட்டினாலும் ஒண்ணும் ஆகாது, கம்ப்ளெயின்ட் போடணும் இல்ல கம்பெனிய மாத்தணும்.

இன்னொரு சந்தேகமும் நிறைய பேருக்கு இருக்கு, நாலு கம்ப்யூட்டர் மாட்டினா 100ஐ நாலால வகுத்து ஆளுக்கு 25 தான் வருமான்னு. அப்படி இல்ல. அந்த நேரத்துல யார் இழுக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் போகும். மீட்டிங்ல வீடியோ கால் ஒண்ணுக்கு 2ல இருந்து 4 எம்பிபிஎஸ் போதும், 4கே படம் ஓடினா 15ல இருந்து 25 வரைக்கும். ரெண்டு மீட்டிங், ஒரு 4கே படம், ஒரு ஆன்லைன் கிளாஸ் எல்லாம் சேர்ந்தும் 100ல பாதியத் தாண்டாது. அதனால சாதாரண குடும்பத்துக்கு 100 தாராளம், நல்லபடியா போய் சேர்ந்தா.

பங்கு போடற வேலைய செய்யறது ரவுட்டர். கம்பெனி உங்க வீட்டுக்கு குடுக்கறது ஒரே ஒரு வெளி ஐபி அட்ரஸ், ரவுட்டர் உள்ள இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் 192.168ல ஆரம்பிக்கிற ஒரு உள் அட்ரஸ் குடுத்துட்டு, யார் கேட்டது எது, வர்ற பதில் யாருக்குன்னு ஒரு டேபிள் வெச்சு பிரிச்சு அனுப்பிடும். இதுக்கு பேர் நாட். இப்ப நிறைய கம்பெனி அந்த வெளி ஐபியக்கூட தனியா தர்றதில்ல, பல வீட்டை ஒரே ஐபிக்கு பின்னாடி வெச்சு இன்னொரு நாட் போடறாங்க, ரவுட்டர் செட்டிங் பேஜ்ல வேன் ஐபி (வெளிப்பக்க அட்ரஸ்) 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா நீங்க அந்த வகை. பிரௌசிங், மீட்டிங், படம் எதுக்கும் இது பிரச்சினை இல்ல, வெளியூர்ல இருந்து வீட்டு கேமராவையோ கம்ப்யூட்டரையோ நேரா திறக்கிறதுதான் கஷ்டம்.

சரி, இப்ப ஒவ்வொரு வழியா வர்றேன்.

ஒரு கம்ப்யூட்டரையே ரவுட்டர் ஆக்கறது, இல்ல போன் ஹாட்ஸ்பாட்

இது பழைய வழி. 1999ல வந்த விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன்லயே இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்னு ஒண்ணு இருந்துச்சு, ஒரு மெஷின்ல மோடத்தை மாட்டி மத்த மெஷினெல்லாம் அது வழியா போகும், ப்ரௌசிங் சென்டர் ஓஹோன்னு ஓடின காலத்துல இந்த மாதிரி ஒரே லைனைத்தான் கடை பூரா பிரிச்சு குடுத்தாங்க. விண்டோஸ் 10, 11ல அதே சமாசாரம் மொபைல் ஹாட்ஸ்பாட்ங்கற பேர்ல இருக்கு, எட்டு டிவைஸ் வரைக்கும் சேரும். ஆனா அந்த மெயின் மெஷின் ஆஃப் ஆனாலோ அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆனாலோ வீடு மொத்தமும் இருட்டு. ஹாஸ்டல்ல ரூமுக்கு ஒரே லேன் பாயின்ட் இருக்கு, ரெண்டு பேர் உபயோகிக்கணும்னா ஓகே, வீட்டுக்கு வேண்டாம்.

போன் ஹாட்ஸ்பாட் எமர்ஜென்சிக்கு மட்டும். தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி பேக்ல ஒரு விண்டோஸ் அப்டேட் வந்தா அன்னிக்கு கோட்டா காலி. ஒரே லேப்டாப்தான்னா வைஃபைல வைக்காம யூஎஸ்பி கேபிள் போட்டு டெதரிங் பண்ணுங்க, கனெக்‌ஷன் நிலையா இருக்கும், போனும் சார்ஜ் ஆகும்.

கம்பெனி குடுத்த பாக்ஸ் வைஃபை மட்டும்

ஒரே தளத்துல ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்னா இதுவே போதும், தயவுசெஞ்சு எதையும் வாங்காதீங்க, பாக்ஸை இடம் மாத்தி வைங்க. இன்ஸ்டால் பண்ண வர்றவங்க வாசல் பக்கம், டிவி ஸ்டாண்டுக்கு பின்னாடி, மீட்டர் பெட்டி பக்கம்னு அவங்களுக்கு வயர் எங்க ஈசியோ அங்க மாட்டிட்டு போயிடறாங்க. வீட்டோட நடுவுல, தலை உயரத்துக்கு மேல, திறந்த இடத்துல வைக்க சொல்லி அப்பவே கேளுங்க, ஃபைபர் வயர் நூறு அடி கூட போனாலும் அதுல ஸ்பீட் குறையாது, அதனால "லென்த் ஜாஸ்தியாயிடும் சார்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. ஸ்டீல் பீரோ, கண்ணாடி பதிச்ச வார்ட்ரோப், ஃப்ரிட்ஜ், தண்ணி டேங்க், மீன் தொட்டி இது எதுவும் பாக்ஸுக்கும் ரூமுக்கும் நடுவுல வரக்கூடாது. இரும்பு தடுக்கும், தண்ணி உறிஞ்சிடும்.

வைஃபைல ரெண்டு அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி தூரமா போகும், ஆனா ஸ்பீட் கம்மி, அப்பார்ட்மென்ட்ல சுத்தி இருபது வீட்டு வைஃபையும் அதே இடத்துல மோதும், அலைவரிசைக்குள்ள இருக்கிற தடத்துக்கு சேனல்னு பேர், ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத சேனல்னா 1, 6, 11ன்னு மூணே மூணுதான். மைக்ரோவேவ் ஓவன் ஓடினாலும் அதே அலைவரிசைலதான் இரைச்சல். 5 கிகாஹெர்ட்ஸ்ல ஸ்பீட் பிரமாதமா இருக்கும், ஒரே ரூம்ல 400க்கு மேலயே பாக்கலாம், ஆனா நம்மூர் ஒன்பது இன்ச் செங்கல் சுவர் ரெண்டு தாண்டினா சோர்ந்துடும், காங்கிரீட் தளம் தாண்டறது இன்னும் கஷ்டம். வெளிநாட்டு ரிவ்யூல "மூணு மாடிக்கும் கவரேஜ்"னு போடறாங்களே, அது மரச்சட்டமும் ஜிப்சம் போர்டும் வெச்சு கட்டின வீடு, கம்பி கட்டி காங்கிரீட் போட்ட நம்ம வீட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது.

இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, நாலு கம்ப்யூட்டர் இருக்கிற வீட்டுக்கு இதுதான் விஷயமே. ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், ஒரே மைக்கை கூட்டத்துல மாத்தி மாத்தி வாங்கி பேசற மாதிரி. கிட்ட இருக்கிற லேப்டாப் டக்குனு பேசி முடிச்சு மைக்கை குடுத்துடும், மூலை ரூம்ல ஒரு கோடு சிக்னல்ல இருக்கிற பழைய லேப்டாப் அதே விஷயத்தை இழுத்து இழுத்து பேசும், அது முடிக்கற வரைக்கும் மத்த எல்லாரும் காத்திருக்கணும். அதாவது தூரத்துல இருக்கிற ஒரு மெஷின் டவுன்லோட் போட்டா பாக்ஸுக்கு பக்கத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கும் ஸ்லோ ஆகும். வைஃபை 6 இதை கொஞ்சம் சரி பண்ணுது, ஒரே நேரத்துல பல பேருக்கு பிரிச்சு குடுக்க அதுல ஏற்பாடு இருக்கு, ஆனா லேப்டாப்பும் வைஃபை 6 ஆ இருக்கணும், பழைய லேப்டாப் பழைய மாதிரிதான் பேசும்.

டப்பா மேல 1200னு போட்டிருக்கிறதைப் பாத்து ஏமாறாதீங்க. அது 2.4ல 300, 5ல 867, ரெண்டையும் கூட்டி ரவுண்டா போட்ட நம்பர், ஒரு லேப்டாப் சாதாரணமா ஒரு நேரத்துல ஒண்ணுலதான் சேரும், அதுலயும் நிஜமா கிடைக்கிறது பாதிக்கு மேல கொஞ்சம். இன்னும் மோசம் என்னன்னா விலை கம்மியான 1200 ரவுட்டர் சிலதுல பின்னாடி லேன் போர்ட் 100லயே நின்னுடும், உள்ள 300 பிளான் வந்து என்ன பிரயோஜனம். வாங்கறதுக்கு முன்னாடி போர்ட் கிகாபிட்டா, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸான்னு மட்டும் கேட்டுடுங்க, ஆன்டெனா எத்தனைங்கறதை விட அது முக்கியம்.

ரிப்பீட்டர்

ஆயிரம் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு பிளக்ல சொருகற சின்ன டப்பா. வாங்கறவங்க முக்கால்வாசி பேர் இதை சிக்னல் வராத ரூம்ல கொண்டு போய் சொருகறாங்க, அங்க அதுக்கே சிக்னல் இல்ல, அது எதை வாங்கி எதை குடுக்கும்? பாக்ஸுக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல, சிக்னல் இன்னும் நல்லா இருக்கிற இடத்துல வைக்கணும். அப்படி வெச்சாலும் வாங்கறதும் குடுக்கறதும் ஒரே ரேடியோ, ஒரே சேனல்னா ஒவ்வொரு தகவலும் காத்துல ரெண்டு தடவை போகுது, ஸ்பீட் பாதியாத்தான் விழும், கூட மத்தவங்க பேசற நேரத்தையும் அது சாப்பிடும். வாட்ஸ்அப், பாட்டு, யூடியூப் போதும்னா தாராளமா வைங்க. ஆபீஸ் மீட்டிங்குக்கு, பரீட்சைக்கு நான் இதை நம்ப மாட்டேன். நாலு கம்ப்யூட்டர் இருக்கிற வீட்டுல ரிப்பீட்டர் ஒரு மெஷினுக்கு உதவி பண்ணிட்டு மூணு மெஷினை கெடுக்கும்.

மெஷ்

ரிப்பீட்டரோட நல்ல வடிவம்னு வெச்சுக்கலாம். ரெண்டு மூணு டப்பா, எல்லாத்துக்கும் ஒரே வைஃபை பேர், மாடி ஏறினா போனும் லேப்டாப்பும் தானா கிட்ட இருக்கிற டப்பாவுக்கு மாறிக்கும், எல்லாத்தையும் ஒரு ஆப்ல பாத்துக்கலாம். வாடகை வீடு, சுவர்ல கை வைக்கக் கூடாது, வீட்டுல யாருக்கும் செட்டிங்ஸ் பாக்க தெரியாதுன்னா மெஷ்தான் நிம்மதி, இதை மனசாரச் சொல்றேன். செலவு ரெண்டு டப்பா செட்டுக்கு ஆறாயிரத்துல ஆரம்பிச்சு இருபதாயிரத்துக்கு மேலயும் போகும்.

ஆனா மெஷ்னு பேர் வெச்சதால இயற்பியல் மாறிடாது. ஒரு டப்பால இருந்து இன்னொரு டப்பாவுக்கு தகவல் போற பாதையும் அதே சுவரையும் தளத்தையும்தான் தாண்டணும். கீழ ஹால்ல ஒண்ணு, நேர் மேல ரூம்ல ஒண்ணுன்னு வெச்சா நடுவுல அந்த காங்கிரீட் தளம் முழுசா நிக்குது, மேல இருக்கிற டப்பா லேப்டாப்புக்கு அஞ்சு கோடு சிக்னல் காட்டும், ஆனா ஸ்பீட் 20, 30ல நிக்கும். அஞ்சு கோடும் அந்த டப்பாவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல உள்ள சிக்னல், டப்பாவுக்கும் கீழ இருக்கிற பாக்ஸுக்கும் நடுவுல என்னங்கறதை அது சொல்லாது. மாடிப்படிதான் நம்ம வீட்டுல தளத்துக்கு இருக்கிற ஒரே ஓட்டை, அதனால ரெண்டாவது டப்பாவை படி திரும்பற இடத்துலயோ மேல படி முடியற இடத்துலயோ வெச்சுப் பாருங்க, பல வீட்டுல இது ஒண்ணே ஸ்பீடை ரெண்டு மடங்காக்கிடும். ட்ரை பேண்ட் (மூணு ரேடியோ) மெஷ்னா டப்பாவுக்கு டப்பா பேச பெரும்பாலும் தனி ரேடியோ இருக்கும், அது கண்டிப்பா நல்லது, விலையும் அதுக்கேத்த மாதிரி. டூயல் பேண்ட்ல (ரெண்டே ரேடியோ) மூணாவது டப்பா சேத்தா கவரேஜ் கூடும், ஸ்பீட் இன்னும் குறையும்.

எல்லா மெஷ் கம்பெனியும் மேனுவல்ல சின்ன எழுத்துல ஒண்ணு போட்டிருப்பாங்க, டப்பாக்களை லேன் வயர்ல இணைச்சா பெஸ்ட்னு. அப்ப வயர்தானே விஷயம்?

பவர்லைன்

வீட்டு கரண்ட் வயரிங் வழியாவே டேட்டா அனுப்பற அடாப்டர் ஜோடி. யூரோப்ல நிறைய பேர் உபயோகிக்கறாங்க. நம்மூர்ல கீழ ஒரு ஃபேஸ், மாடி ஒரு ஃபேஸ்னு த்ரீ ஃபேஸ் வீடா இருந்தா ரெண்டு அடாப்டரும் ஒண்ணை ஒண்ணு சரியா பாக்காது. இன்வர்ட்டர் லைன் தனி, ஈபி லைன் தனின்னு இருந்தாலும் அதே பிரச்சினை. ஸ்பைக் பஸ்டர்ல சொருகினா அது டேட்டாவையே இரைச்சல்னு நெனச்சு வடிகட்டிடும், சுவர் பிளக்லதான் நேரா சொருகணும். திருப்பி எடுத்துக்கிற கடையில வாங்கினா மட்டும் முயற்சி பண்ணலாம்.

லேன் வயர்

இங்கதான் கொஞ்சம் நிறைய பேசணும், ஏன்னா இதை எல்லாரும் பழைய சமாசாரம்னு ஒதுக்கிட்டாங்க, எனக்கு அதுல நிஜமாவே வருத்தம். ஒரு கேட் 6 வயர் நூறு மீட்டர் வரைக்கும் 1000 எம்பிபிஎஸ் போக, வர ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல குடுக்கும். சுவர், தளம், பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் எதுவும் அதைத் தொடாது. ரவுட்டருக்கு பிங், அதாவது ஒரு தகவல் போய் பதில் திரும்ப வர்ற நேரம், ஒரு மில்லிசெகண்டுக்குள்ள, மணிக்கணக்கா அப்படியே நிக்கும், வைஃபைல அது 3, 5, திடீர்னு 80ன்னு குதிக்கும், மீட்டிங்ல குரல் உடையறதும் கேம்ல லேக் ஆகறதும் அந்தக் குதிப்பாலதான். இதை விட எனக்கு முக்கியமாத் தோணற விஷயம், கனமா டவுன்லோட் பண்ற டெஸ்க்டாப்பையும் கேமிங் பிசியையும் டிவியையும் வயருக்கு மாத்திட்டா காத்துல இடம் காலியாகுது, மிச்சம் இருக்கிற போனுக்கும் லேப்டாப்புக்கும் வைஃபை தானா நல்லா ஆயிடுது. ஒரு மெஷினுக்கு வயர் போட்டா எல்லா மெஷினுக்கும் லாபம்.

திருச்சியில அக்கா வீடு கீழ மேல ரெண்டு தளம். மாமா மாடியில இருந்து வேலை பாக்கறார், ரிப்பீட்டர் போட்டும் மீட்டிங்ல முகம் உறைஞ்சு போகும். "மாப்ள, பேசாம மெஷ் செட் ஒண்ணு வாங்கிடலாமா, பன்னெண்டாயிரம் சொல்றான்"னார். "இருங்க மாமா, ஒரு வயர் இழுத்துப் பாத்துட்டு அப்புறம் வாங்கலாம்"னு சொல்லி தேடினப்ப பழைய டெலிபோன் வயருக்கு போட்ட பைப் ஹால்ல இருந்து மாடிக்கு காலியாவே கிடந்துச்சு. இருபது வருஷத்துக்கு முன்னாடி கட்டின வீடு நிறையதுல இந்த டெலிபோன் பைப்போ கேபிள் டிவி பைப்போ இருக்கும், அதைத்தான் முதல்ல தேடணும். பழைய வயரோட நுனியில புது வயரைக் கட்டி டேப் சுத்தி அந்தப் பக்கம் இழுத்தா இது வந்துடும்.

வயர் வந்தாச்சு, ரெண்டு பக்கமும் கிளிப் அடிச்சாச்சு, ஸ்பீட் டெஸ்ட் போட்டா 94. பிளான் 200. எப்ப போட்டாலும் 94, 93, 94. இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கங்க, வயர்ல 94 பக்கம் போய் கல்லு மாதிரி நின்னா எங்கயோ 100க்கு லாக் ஆயிருக்குன்னு அர்த்தம். விண்டோஸ்ல ஈதர்நெட் செட்டிங்ஸ்ல லிங்க் ஸ்பீட் பாத்தா 100/100னு இருந்துச்சு, 1000/1000 வரணும். லேன் வயருக்குள்ள எட்டு கம்பி, 100க்கு அதுல நாலு போதும், 1000க்கு எட்டும் வேணும். டெஸ்டர்ல மாட்டினா ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் லைட் வரிசையா எரியணும், ஏழாவது எரியல. பழுப்பு வெள்ளை கம்பி கிளிப்போட கடைசி வரைக்கும் போகாம அரை மில்லிமீட்டர் முன்னாடியே நின்னுடுச்சு. வெட்டி மறுபடி கிளிப் அடிச்சவுடனே 1000, டெஸ்ட்ல 200 முழுசா. கலர் வரிசை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. கடையில ஆள் வெச்சு அடிச்சாலும் டெஸ்டர்ல எட்டு லைட்டையும் கண்ணால பாத்துட்டு காசு குடுங்க.

வயர் வாங்கும்போது சொல்லியே ஆக வேண்டியது, பாதி விலையில கேட் 6னு குடுக்கறதுல நிறைய அலுமினியம் மேல செம்பு பூசினது. பிளேடால நுனியைச் சுரண்டுங்க, உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அலுமினியம். அது ரெண்டு தடவை மடக்கினா உடையும், நீளமா போனா ஸ்பீட் இறங்கும், கேமராவுக்கு அதே வயர்ல கரண்ட் அனுப்பினா சூடாகும். முழு செம்புன்னு கேட்டு வாங்குங்க. 305 மீட்டர் பெட்டி உங்களுக்குத் தேவையில்ல, எலக்ட்ரிக்கல் கடையில, கம்ப்யூட்டர் கடையில மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க.

எந்த வழியா இழுக்கறதுங்கறதுல ரெண்டு கட்டாயம். கரண்ட் வயர் போற அதே பைப்புல லேன் வயரை விடாதீங்க, எலக்ட்ரீஷியன் "ஒண்ணும் ஆகாது சார்"னு சொல்லுவார், வேண்டாம், 230 வோல்ட் வயர்ல தோல் உரிஞ்சா உங்க லேப்டாப் வரைக்கும் வரும். ரெண்டாவது, மொட்டை மாடி வழியா, ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஆகாசத்துல செம்பு வயரைக் கட்டாதீங்க, ஐப்பசி கார்த்திகை இடியிலயும் கோடை மழை இடியிலயும் நேரா விழ வேண்டியதில்ல, பக்கத்துல விழுந்தாலே வயர்ல பாய்ஞ்சு ரெண்டு முனையிலயும் போர்ட் போயிடும். ஃபைபர்ல கரண்ட் பாயாது, அதனால பின்கட்டு வீட்டுக்கோ எதிர் வீட்டு மாடிக்கோ போகணும்னா ஃபைபரும், ஃபைபரை லேன் வயரா மாத்தற மீடியா கன்வர்ட்டர் ரெண்டும் போடுங்க. வெளிச்சுவர்ல ஓடித்தான் ஆகணும்னா கறுப்புத் தோல் போட்ட அவுட்டோர் வயர், சாதாரண சாம்பல் கலர் வயர் நம்ம வெயில்ல வெடிச்சுடும்.

வாடகை வீட்டுல ஆணி அடிக்க விடமாட்டாங்க, அதுக்கும் வழி இருக்கு. ஒட்டற வகை பிவிசி கேசிங் சுவர் ஓரமா தரையோட ஒட்டி ஓடும், கதவு நிலை இடுக்குல தட்டை லேன் வயர் போகும், காலி பண்ணும்போது உரிச்சுட்டு போயிடலாம்.

ஒரு ரூம்ல மூணு மெஷின் இருந்தா மூணு வயர் இழுக்க வேண்டாம், ஒரே வயர் இழுத்து அங்க அஞ்சு போர்ட் கிகாபிட் சுவிட்ச் வைங்க, ஆயிரத்துல இருந்து ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள்ள வரும், செட்டிங் எதுவும் கிடையாது, சொருகினா வேலை முடிஞ்சது. லேப்டாப்ல லேன் போர்ட் இல்லன்னா யூஎஸ்பி 3 கிகாபிட் அடாப்டர் வாங்குங்க, யூஎஸ்பி 2ன்னு விலை கம்மியா வர்றதுல முக்காவாசி 100லயே நின்னுடும்.

வயரோட முனையில பழைய ரவுட்டர்

என்னைக் கேட்டா பெரும்பாலான தமிழ்நாட்டு ரெண்டு தள வீட்டுக்கு இதுதான் சரியான பதில். மாடிக்கு ஒரு வயர், அதோட முனையில வீட்டுல தூங்கற பழைய ரவுட்டர், அது மாடிக்கு வைஃபையும் குடுக்கும், மாடி டெஸ்க்டாப்புக்கு லேன் போர்ட்டும் குடுக்கும். மெஷ் வயர்ல இணைச்சா என்ன கிடைக்குமோ அதுல நூத்துக்கு தொண்ணூறு பங்கு, வயர் செலவுல. ரூம் மாறும்போது போன் கொஞ்சம் தாமதமா மாறும், அவ்வளவுதான் வித்தியாசம், நடந்துட்டே மீட்டிங் பேசறவங்களுக்கு மட்டும் அது உறுத்தும்.

செய்முறையில ஒரு இடத்துல மட்டும் கவனம். ரவுட்டர்ல அக்சஸ் பாயின்ட் மோடுன்னு (பங்கு போடற வேலைய விட்டுட்டு வைஃபையும் லேன் போர்ட்டும் மட்டும் குடுக்கறது) ஆப்ஷன் இருந்தா அதைப் போட்டா எல்லாம் தானா ஆயிடும். இல்லன்னா அதோட ஐபியை 192.168.1.2 மாதிரி மாத்துங்க, முதல் மூணு நம்பர் மெயின் பாக்ஸோட ஐபியில எப்படியோ அப்படியே இருக்கணும், அப்புறம் மெஷினுக்கெல்லாம் உள் அட்ரஸ் குடுக்கற டிஹெச்சிபியை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் வயரை லேன் போர்ட்ல சொருகுங்க, வேற கலர்ல தனியா இருக்கிற வேன் போர்ட்ல வேண்டாம். டிஹெச்சிபி ஆஃப் பண்ணாம விட்டா ரெண்டு டப்பாவும் போட்டி போட்டு அட்ரஸ் குடுக்கும், சில மெஷின்ல நெட் வரும், சிலதுல வராது, ரீஸ்டார்ட் பண்ணா மாறி மாறி வரும், காரணம் கண்டுபிடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். வேன்ல சொருகினா நெட் வரும், ஆனா மாடி ஒரு தனி உலகம் ஆயிடும், கீழ இருக்கிற பிரிண்டர் மாடி லேப்டாப்புக்கு தெரியாது. வைஃபை பேரும் பாஸ்வேர்டும் கீழ உள்ளதையே வைங்க, சேனல் மட்டும் வேற வேற, கீழ 1னா மேல 6 இல்ல 11.

எந்த வழியும் தீர்க்காத ஒண்ணு

வயர், மெஷ் எதுவா இருந்தாலும், பொண்ணோட லேப்டாப் போட்டோ எல்லாத்தையும் கிளவுடுக்கு ஏத்த ஆரம்பிச்சா மத்த எல்லாருக்கும் நெட் திணறும். வீட்டுல இருந்து வெளிய போற அப்லோட் பாதை ரொம்பி ரவுட்டர்ல வரிசை நீண்டு போய் சின்னச் சின்ன தகவலும் அந்த வரிசையில மாட்டிக்கும். அப்லோட் ஓடும்போது பிங் போட்டுப் பாருங்க, 10ல இருந்தது 300, 400ன்னு போனா இதான். ரவுட்டர்ல கியூஓஎஸ், அதாவது ஸ்பீடைக் கட்டுப்படுத்தி பங்கு போடற செட்டிங் இருந்தா அப்லோட், டவுன்லோட் ரெண்டையும் நிஜ ஸ்பீட்ல 90 சதவீதத்துக்கு கட்டுங்க, இல்லன்னா கிளவுட் ஆப்லயே அப்லோட் லிமிட் போடுங்க. கொஞ்சம் கைவேலை தெரிஞ்சவங்க ஓப்பன் டபிள்யூஆர்டிங்கற இலவச சாஃப்ட்வேர் போட்ட ரவுட்டர்ல, அந்த வரிசைய ஒழுங்கு பண்ற ஸ்மார்ட் கியூவை ஆன் பண்ணா நாலு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்துல இழுத்தாலும் மீட்டிங் அசையாது. 1000 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறறதை விட இது பெரிய வித்தியாசம் தரும்.

ஆக யாருக்கு எது? ஒரே தள ஃபிளாட்னா பாக்ஸை நடுவுக்கு மாத்திட்டு, பாக்ஸ் பக்கத்துல இருக்கிற மெஷினை மட்டும் வயர்ல போடுங்க. சொந்த வீடு, ரெண்டு தளம்னா மாடிக்கு வயர், முனையில அக்சஸ் பாயின்ட். வாடகை வீடு, ஓனர் கறார்னா ட்ரை பேண்ட் மெஷ், டப்பா மாடிப்படியில. புதுசா வீடு கட்டறீங்களா, பூச்சு வேலைக்கு முன்னாடியே ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு இன்ச் பைப் காலியா விடச் சொல்லி, ஹால் சீலிங்குக்கும் மேல் தள சீலிங்குக்கும் ஒண்ணு விடச் சொல்லுங்க, அன்னிக்கு ஆகற செலவு சில ஆயிரம்தான், அப்புறம் சுவரை உடைச்சு செய்யறது எந்தக் காலத்துலயும் அந்த விலைக்கு வராது.

கரண்ட் போறப்ப என்ன ஆகும்ங்கறதையும் சேத்து யோசிங்க. ஃபைபர் பாக்ஸ் மட்டும் இன்வர்ட்டர்ல இருந்தா போதாது, நடுவுல இருக்கிற சுவிட்சும் மாடி அக்சஸ் பாயின்ட்டும் ஆஃப் ஆனா மாடிக்கு நெட் கிடையாது, மூணும் இன்வர்ட்டர் பிளக்ல இருக்கணும். இன்வர்ட்டர் இல்லாத வீட்டுக்கு ரவுட்டர் மினி யூபிஎஸ் வருது, அதை ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டப்பாவோட அடாப்டரையும் திருப்பி 12 வோல்ட்டா 9 வோல்ட்டா 5 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர்னு குறிச்சுக்கங்க, ஃபைபர் பாக்ஸ் பெரும்பாலும் 12 தான், சின்ன சுவிட்ச் பலது 5.